குறுக்கே பேசுகிறவள்

மேவிஸ் டார்லண்ட் நின்ற இடத்தில் எல்லாம் அவளுக்கு முன்னால் நான் நின்றிருக்கிறேன். பதினோரு படங்கள். விளக்குக்காரர்கள் வெளிச்சத்தைச் சரிசெய்ய ஒரு மணி நேரமும் ஆகும், மூன்று மணி நேரமும் ஆகும். அதுவரை நட்சத்திரத்தைக் கால்கடுக்க நிறுத்த முடியாது. ஆகவே அவள் உயரமும் அவள் முடியின் நிறமும் உள்ள ஒருத்தியை நிறுத்துவார்கள். அதுதான் என் பிழைப்பு. மின்னசோட்டாவிலிருந்து நடிகையாக வேண்டும் என்று ரயிலேறி வந்த ஹெட்டி பிராண்ட்வோல்ட், கடைசிவரை திரையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் நின்று முடித்ததும் மேவிஸ் வந்து அதே சுண்ணாம்புக் குறியில் நிற்பாள், பேசுவாள்.

1934-ல் பெரிக்ரின் ஸ்டுடியோவில் அவளை முதல்முறை பார்த்தபோது ‘மேடம்’ என்று கூப்பிட்டேன்.

“மேடம்னா எங்க ஊர் ஸ்கூல்ல பிரம்பும் கையுமா நின்ன டீச்சர் ஞாபகம் வருது. மேவிஸ்னு சொல்லு. அதுவும் என் பேரு இல்ல, ஸ்டுடியோ வெச்சது. பரவாயில்ல, பழகிடுச்சு” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் என் கையிலிருந்த டோனட்டில் பாதி அவள் வாய்க்குள் போயிருந்தது.

பென்சில்வேனியாவில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரி அவள். கூடப் பிறந்தவர்கள் ஏழு பேர். இத்தனை வேகமாகப் பேச எங்கே கற்றாள் என்று கேட்டதற்குச் சொன்னாள்: “எங்க வீட்ல ஒருத்தர் பேசி முடிக்கட்டும்னு காத்திருந்தா, தட்டுல உருளைக்கிழங்கு தீந்து போயிடும்டி.”

அந்த வாயை வைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஸ்டுடியோ அழுகிற வேஷங்களாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. காசநோய்க்காரி, கைவிடப்பட்டவள், கலங்கரை விளக்கக் காவல்காரனின் மகள். அவள் திரையில் அழுதபோது தியேட்டரில் ஜனங்கள் இருமினார்கள். ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருந்தது. அதற்கு மேல் அவளை வைத்துக்கொள்ளப் போவதில்லை என்பது செட் போடும் தச்சர்களுக்குக்கூடத் தெரியும்.

அப்போதுதான் ‘மாப்பிள்ளைக்கு ஜலதோஷம்’ என்ற சின்னப் படத்தில் ஒரு நடிகை காலை ஒடித்துக்கொண்டாள். வேலையில்லாமல் சும்மா இருந்தவள் என்று மேவிஸை அனுப்பினார்கள். தன் கல்யாணத்திலிருந்து ஒரு வாத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போகிற பணக்கார வீட்டுப் பெண்ணாக வேஷம். அந்த வாத்துக்கு வைத்தியம் பார்க்கும் மிருக டாக்டராக லைல் ஹாப்வுட். நெட்டையாக, ஒல்லியாக, எப்போதும் எதையோ தொலைத்துவிட்ட முகத்தோடு இருப்பான். இயக்குநர் பஸ் மலோய் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச்சைத் தொங்கவிட்டிருப்பார்.

முதல் ஒத்திகை. மேவிஸ் தன் வசனத்தில் பாதிதான் வந்திருந்தாள். லைல் தன்னுடையதை ஆரம்பித்துவிட்டான். வேறொருத்தியாக இருந்தால் நிறுத்தி முறைத்திருப்பாள். இவள் நிறுத்தவில்லை. அவன் மேலேயே ஏறிப் பேசினாள். அவனும் விடவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே போக, நடுவில் வாத்து வேறு கத்த, எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. அதுதான் ஆச்சரியம். ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தார்.

“ரெண்டு பேரும் ஒண்ணா பேசினா நான் யாரைப் பதிவு பண்றது?”

“ரெண்டு பேரையும்” என்றார் மலோய். “வாத்தையும்.”

படம் வெளியானபோது ஜனங்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த வசனம் கேட்கவில்லை என்று மறுபடி வந்து பார்த்தார்கள். அதன்பிறகு ஏழு வருஷத்தில் இருவரும் சேர்ந்து இன்னும் நான்கு படங்கள் செய்தார்கள். மேவிஸ் நீரூற்றில் விழுந்தாள், மாவு மூட்டைக்குள் விழுந்தாள், ஒரு செனட்டரின் மடியில் விழுந்தாள். விழுந்தபடியே பேசினாள். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால், கேமரா சுழல ஆரம்பிக்கும் நொடியில், லைலின் இடது காதில் அவள் எதையாவது கிசுகிசுப்பாள். எழுத முடியாத வார்த்தை. சுரங்க ஊர் வார்த்தை. சிரிப்பை அடக்கிக்கொள்ள அவன் படும் பாடுதான் திரையில் உயிராகத் தெரிந்தது.

ஒருவரை ஒருவர் குடும்பப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“டார்லண்ட், உனக்கு மூச்சு விடற பழக்கமே இல்லையா?”

“நீ விடறியே ஹாப்வுட், ரெண்டு பேருக்கும் சேத்து. பூண்டு வாசனையோட.”

லைலுக்குப் பாசடீனாவில் வீடு, எடித் என்ற மனைவி, இரண்டு பெண்கள். சாயங்காலம் ஆறு அடித்தால் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். எடித் நல்லவள். தோட்டத்து ஆரஞ்சுகளைப் பையில் கட்டி மேவிஸுக்குக் கொடுத்தனுப்புவாள். மேவிஸுக்கு அதற்குள் இரண்டு கல்யாணம் ஆகி முடிந்திருந்தது. ஒருவன் ஒரு வருஷம் தாங்கினான், மற்றவன் ஏழு மாதம்.

ஒருநாள் அவளுடைய அறையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். “உனக்கு அவன்மேல ஆசையா?”

உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சை அவள் மேசைமேல் வைத்தாள்.

“கட்டிப்பிடிக்கவா? அதுக்கு ஆள் கிடைப்பாங்கடி ஹெட்டி. நான் ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறக்கும்போதே அந்த வார்த்தை எங்க போய் நிக்கும்னு அவனுக்குத் தெரியுது. அங்க எனக்கு முன்னாடி போய் நிக்கறான். அப்படி ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சப்புறம் மத்தவங்களோட குடித்தனம் பண்றது கஷ்டம்.”

பிறகு ஆரஞ்சைத் தின்றாள்.

1942-ல் லைல் விமானப்படையில் சேர்ந்தான். முப்பத்தேழு வயதில் யாரும் அவனைக் கூப்பிடவில்லை, தானாகப் போனான். பசிபிக் தீவுகளில் குண்டுவீச்சு விமானங்களில் பறப்பதாக எடித் சொல்லி அறிந்துகொண்டோம். அந்த மூன்று வருஷத்தில் மேவிஸை மூன்று கதாநாயகர்களோடு போட்டுப் பார்த்தார்கள். ஒருவன் அழகன். ஒருவன் பாடுவான். இன்னொருவன் அவள் பேசும்போது உதட்டால் எண்ணிக்கொண்டிருந்தான், எப்போது ஆரம்பிக்கலாம் என்று.

வீட்டில் வசனப் பயிற்சிக்கு ஆண் வேஷத்தை நான் படிப்பேன். முழு மூச்சாகப் படிப்பேன். ஒருநாள் காகிதத்தை மூடிவிட்டுச் சொன்னாள்: “நீ தங்கமான பொண்ணுடி. ஆனா நான் முடிக்கட்டும்னு காத்திருக்கே பாரு, அதுதான் உன்கிட்ட குறை.”

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் ஏன் நடிகையாகவில்லை என்பதற்கு அதைவிடச் சரியான பதிலை யாரும் சொன்னதில்லை.

1945 நவம்பரில் லைல் திரும்பி வந்தான். இளைத்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. ஸ்டுடியோ வாசலில் பத்திரிகைக்காரர்கள் கூடிவிட்டார்கள். அடுத்த வாரமே புதுப் படம் அறிவித்தார்கள். அதே மலோய், அதே ஜோடி. அந்த ஒரு மாதம் மேவிஸ் நடக்கவில்லை, பறந்தாள். காலை ஐந்தரைக்கு எனக்கு டெலிபோன் செய்து வசனம் சொல்வாள்.

முதல் நாள் முதல் ஷாட். நான் நின்ற குறியில் அவள் வந்து நின்றாள். கேமரா சுழலத் தொடங்கியது. அவள் எட்டி அவன் இடது காதில் கிசுகிசுத்தாள். மூன்று வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த வார்த்தை என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

லைல் மரியாதையாகப் புன்னகை செய்தான். வேறொன்றும் இல்லை.

அந்த டேக்கில் அவன் தன் வசனத்தை அவள் முடித்த பிறகு சொன்னான். அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்து, உதடு மூடியதும் சொன்னான். “கொஞ்சம் துருப்பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்” என்றார் மலோய். மேவிஸ் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள்.

மதிய இடைவேளையில் அவள் என்னையும் இழுத்துக்கொண்டு அவனைத் தன் காருக்கு அழைத்துப்போனாள். நான் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். அவள் அவனுக்கு இடப்புறம் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, அவன் பக்கம் திரும்பாமல், முன் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்: “எடித் உன்னை விட்டுட்டு பால்காரனோட போயிட்டாளாமே.”

லைல் பாக்கெட்டில் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தான்.

அவள் அவன் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். “எவ்வளவு நாளா?”

அவனுக்குப் புரிந்துவிட்டது. “ஒன்றரை வருஷமா. துப்பாக்கி காதுக்குப் பக்கத்துலயே வெடிச்சுது. இடது சுத்தமா போச்சு. வலது பாதி.”

“ஸ்டுடியோவுக்கு?”

“தெரியாது. தெரிஞ்சா இன்ஷூரன்ஸ்காரன் கையெழுத்துப் போட மாட்டான். செவிட்டுக் காமெடியனை யாரு வெச்சுக்குவா? உன் உதட்டைப் பாத்துச் சமாளிச்சிடலாம்னு நினைச்சேன்.” அவன் குரல் இறங்கியது. “நீ ரொம்ப வேகமா பேசறே, டார்லண்ட்.”

மேவிஸ் ஸ்டியரிங்கை விரல்களால் தட்டிக்கொண்டே இருந்தாள். அவன் அந்த விரல்களையே பார்த்தான். அவளும் பார்த்தாள்.

“இது தெரியுதா?” என்று காரின் தரையைக் குதிகாலால் தட்டினாள்.

“காலுக்குத் தெரியுது.”

அன்றிலிருந்து ஞாயிறு மதியங்களில் மேவிஸின் வீட்டில் கம்பளத்தைச் சுருட்டிவைத்துவிட்டு மரத்தரையில் ஒத்திகை. ஒரு தட்டு என்றால் அவன் தொடங்க வேண்டும். இரண்டு என்றால் நிறுத்த வேண்டும். சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று அவள் காலணிகளின் குதிகாலில் நான் கம்பளித் துணி ஒட்டினேன். ஐந்தாவது ஞாயிறு வந்தது. லைல் அவள் வசனத்துக்குள் சரியாகப் பாய்ந்தான், அவள் அவன்மேல் ஏறினாள், இருவரும் ஒரு பக்கம் முழுக்க நிற்காமல் ஓடினார்கள். முடித்ததும் மேவிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிற வேஷங்களில்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குள் நடக்கிற காட்சிகளெல்லாம் இப்படியே ஒப்பேறின. தோட்டக் காட்சிகள் வந்தபோதுதான் வினை. தரை முழுக்க மண்ணும் புல்லும். தட்டினால் எதுவும் கேளாது, எதுவும் அதிராது. முதல் டேக்கில் லைல் தவறவிட்டான். மலோய் திரும்பிப் பார்ப்பதற்குள் மேவிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, என் தப்பு பஸ். வசனம் மறந்துபோச்சு.”

இரண்டாவது டேக். “மறுபடியும் என் தப்பு.”

ஒன்பதாவது டேக். பதினான்காவது. ஒவ்வொரு முறையும் லைல் வாயைத் திறக்கப் போவான், அவள் முந்திக்கொள்வாள். இருபதாவதின்போது அவன் அவள் கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துப்போனான். நான் தண்ணீர் கொண்டுபோனேன்.

“நான் சொல்லிடறேன், மேவிஸ். இது நியாயமில்ல.” அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

“வாயை மூடு. உனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. எனக்கு யாரு, இந்த ஹெட்டிதானே? இவ எதையும் தின்னுக்குவா.”

இருபத்தாறாவது டேக் சரியாக வந்தது. அந்தத் தோட்டத்தில் எட்டு நாட்கள் படப்பிடிப்பு, எட்டு நாளும் இதே கதை. மேவிஸ் டார்லண்ட் குடித்துவிட்டு வருகிறாள் என்று கிசுகிசு எழுதுகிற ஒருத்தி எழுதினாள். ஸ்டுடியோ தலைவர் ஃபெல்ட்னர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நான் வெளியில் பெஞ்சில் காத்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை.

“குடிக்கிறியாமே?”

“காபிதான் சார். நிறைய.”

“ஒரு ஷாட்டுக்கு இருபத்தாறு டேக். முன்னெல்லாம் நீ ரெண்டுல முடிப்பே.”

“வயசாகுது சார். முப்பத்தாறு.”

“ஹாப்வுட் பாவம், போருக்குப் போய்ட்டு வந்தவன். எவ்வளவு பொறுமையா நிக்கிறான் உன்னோட!”

“ஆமா சார். ரொம்பப் பொறுமை.”

படம் 1947 வசந்தத்தில் வந்தது. ஓடியது என்றும் சொல்லலாம், ஓடவில்லை என்றும் சொல்லலாம். போருக்குப் பிறகு ஜனங்களுக்கு அந்தச் சிரிப்பில் பாதி தீர்ந்துபோயிருந்தது. ஆனால் லைலைப் பற்றி எல்லாப் பத்திரிகையும் எழுதின. அவன் நடிப்பில் ஒரு புது நிதானம் வந்திருக்கிறதாம், எதிராளி பேசுவதை எவ்வளவு ஆழமாகக் கவனிக்கிறானாம். அவனுக்கு மெதுவான படங்கள் வந்தன. நீதிபதி, பாதிரியார், மகனை இழந்த அப்பா. எல்லாம் நன்றாகவே செய்தான். மேவிஸின் ஒப்பந்தத்தை ஸ்டுடியோ புதுப்பிக்கவில்லை. வாடகையை மிச்சம்பிடிக்க நானும் அவள் வீட்டுக்கே குடிவந்துவிட்டேன்.

அந்தக் கோடை முழுக்க அவள் டெலிபோன் இருந்த அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டெலிபோனில் பேச அவனால் முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் பாசடீனாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு அரை மணி நேரம்தான் கார்ப்பயணம். எடித்தின் ஆரஞ்சுப் பை மட்டும் ஒருமுறை வந்தது.

பிறகு வந்ததையெல்லாம் செய்தாள். வானொலியில் சோப்பு விளம்பரம், டெலிவிஷனில் கேள்வி பதில். கோடையில் ஊர் ஊராகக் கூடாரம் போட்டு நடத்துகிற நாடகங்கள். நான் உடை மாற்றிவிடுகிறவளாகக் கூடவே போனேன். ஜனங்கள் அவளைப் பார்க்க வந்தார்கள். அவள் விழுந்தால் சிரித்தார்கள். எதிரில் நடிக்கிற பையன்கள் அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

1957 ஜூலையில் ஒஹையோவில் ஒரு ஊர். மதிய ஆட்டம் முடிந்து அவளுடைய முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு லைல் உள்ளே வந்தான். முடி முழுக்க வெளுத்திருந்தது. மூக்குக்கண்ணாடிக் காம்பில் காதுக்கருவி பதித்திருந்தான்.

எதிரிலிருந்த காபிக் கடைக்குப் போனோம். அவன் காபியைத் தொடவில்லை.

“நான் அப்பவே வந்திருக்கணும்” என்றான். “ஒவ்வொரு வாரமும் காரை எடுப்பேன். பாலம்வரைக்கும் வந்துட்டு...”

“ஆமா வந்திருக்கணும், பத்து வருஷம் நான் என்ன செத்தா போயிட்டேன், பாலம் என்ன இடிஞ்சா கிடந்தது, அதுவும் போகட்டும், எடித் எப்படி...”

லைல் முகத்தைச் சுளித்துக் காதுக்கருவியைக் கையால் பொத்தினான்.

“மேவிஸ், தயவுசெஞ்சு. ஒருத்தர் பின்னால ஒருத்தர்தான் பேசணும். ரெண்டு குரல் சேந்தா இதுல வெறும் இரைச்சல்தான் கேக்குது.”

மேவிஸ் வாயடைத்துப்போனாள். அவ்வளவு வருஷத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. பிறகு மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, “சரி. நீ சொல்லு” என்றாள். பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தான். தனக்குக் காது கேட்காது என்பதைப் போன மாதம் ஒரு பேட்டியில் சொல்லியிருந்தான். மேவிஸ் தன்னைக் காப்பாற்றியதையும், குடிகாரி என்ற பட்டத்தை அவள் தனக்காகச் சுமந்ததையும் சொன்னானாம். பத்திரிகையில் அவனுடைய துணிச்சலைப் பற்றி முழுப் பக்கம் இருந்தது. மேவிஸைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

“எல்லாத்தையும் சொன்னேன். அவங்க போடல. அதான் நேர்ல சொல்ல வந்தேன்.”

“நீளமா போயிருக்கும். நீ இப்ப மெதுவா வேற பேசறே.”

அவன் சிரிக்கவில்லை. “எனக்காக உன் பிழைப்பையே விட்டே. ஏன்?”

மேவிஸ் ஜன்னல் வழியாகக் கூடாரத்தைப் பார்த்தாள். மாலை ஆட்டத்துக்காகப் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“உனக்காகன்னு யாரு சொன்னா?” என்றாள். ஒவ்வொரு வார்த்தையையும் அவன் பார்க்கும்படி உதட்டை அசைத்துச் சொன்னாள். “மூணு வருஷம் பேச ஆளில்லாம இருந்தேன். இன்னும் ஒரே ஒரு படம் உன்கூடப் பேசணும்னு இருந்துது. பேசிட்டேன். அது எனக்காக.”

தன் அடுத்த படத்தில் அவளுக்கு ஒரு வேஷம் இருப்பதாக லைல் சொன்னான். அத்தை வேஷம், இரண்டு காட்சி. “உன்னோட பேசற காட்சியா?” என்று கேட்டாள். இல்லை என்றான். வேண்டாம் என்றாள். அவன் கார் போன பிறகும் அவள் காபிக் கடை வாசலிலேயே நின்றாள். “வெயிலா இருக்கு, உள்ள வா” என்று நான்தான் கூப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பாசடீனாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மேவிஸுக்குக் கடிதம் எழுதும் பழக்கம் கிடையாது. கையில் பென்சிலோடு படித்தாள். ‘நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்’ என்ற முதல் வரிக்கும் அடுத்ததற்கும் இடையில் ‘ஏன் நம்பறே, வந்து பாத்தியே’ என்று எழுதினாள். தன் நீதிபதி வேஷத்தைப் பற்றி அவன் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் நடுவில் புகுந்தாள். ஓரத்தில் எழுதினாள், தலைகீழாக எழுதினாள். அதே தாளை உறையில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள். பத்து நாளில் அந்தத் தாள் மறுபடி வந்தது. அவளுடைய கிறுக்கல்களுக்கு நடுவில் அவன் பச்சை மையில் புகுந்திருந்தான். அதைப் படித்து அவள் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டினாள்.

ஒன்பது வருஷம் அப்படிப் போனது. ஒரே தாள் நான்கைந்து முறை போய்வரும். வெள்ளை இடமே இல்லாமல் போன பிறகுதான் புதுத் தாள். ‘இதுல யாரு பேசறதுன்னே தெரியலைன்னு எடித் கேக்கறா’ என்று ஒருமுறை எழுதியிருந்தான். ‘நமக்குத் தெரியுது இல்ல’ என்று மேவிஸ் அதற்குக் கீழே எழுதினாள். நேரில் பார்த்துக்கொண்டார்களா என்றால், இல்லை. அரை மணி நேரத் தொலைவில் இருந்தும் இல்லை.

1966 மார்ச்சில் லைல் தூக்கத்தில் இறந்துபோனான். வானொலியில்தான் கேட்டோம். இறுதிச் சடங்கில் மேவிஸ் கடைசி வரிசையில் நின்றாள். எடித் வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த மாதம் எடித் ஓர் உறை அனுப்பியிருந்தாள். உள்ளே கடைசியாக மேவிஸ் அனுப்பிய தாள். அது போய்ச் சேர்ந்தபோது அவன் இல்லை. புதுத் தாள்தான், அவனுடைய ஏழெட்டு வரிகள், நடுவில் இவள் நுழைந்த மூன்று இடங்கள், கீழே பாதிக்கு மேல் வெறுமை. மேவிஸ் அதைச் சமையலறை மேசையில் விரித்துவைத்துப் பென்சிலைக் கையில் எடுத்தாள். நான் காபி போட்டேன், அது ஆறியது. மறுபடி போட்டேன்.

“எழுதேன்டி. இடம் இருக்கே” என்றேன்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“அவன் முறை” என்றாள்.